புத்தக விநியோகக் கணக்கு: மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குப் பெயர்த்த அனுபவம்

நண்பர் ஒருவர் நடத்தும் தமிழ்ப் புத்தக விநியோக நிறுவனத்தின் கணக்கு முழுவதும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு பழைய நிரலுக்குள் இருந்தது. அடியில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 5.0. நிரலை எழுதியவர் எப்போதோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஆவணம் என்று ஒரு பக்கம்கூடக் கிடையாது. புதிய மென்பொருளை வேறு ஒரு குழு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்ற இன்னொரு தரவுத்தளத்தின் மேல் எழுதிக்கொண்டிருந்தது. பழைய தரவை அர்த்தம் கெடாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

இப்படிப்பட்ட வேலையில் தரவு வகைகளை மாற்றி எழுதுவது மிகச் சிறிய பங்கு. அதற்கு பிஜிலோடர் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். நேரத்தை விழுங்குவது வேறு கேள்வி: இந்தப் புலத்தில் (அட்டவணையின் ஒரு நெடுவரிசையில்) 9 என்று இருந்தால் என்ன பொருள்? இந்த எண் எந்த அட்டவணையின் எண்? அதைத் தரவுத்தளத்திடம் கேட்டால் பதில் வராது. நிரலிடமும் தரவிடமும்தான் கேட்க வேண்டும்.

முதலில் பிரதி எடுத்தேன். எல்லா அட்டவணைகளும் மைஐசாம் என்ற சேமிப்பு வகை. 5.5 பதிப்பு வரும்வரை மைஎஸ்க்யூஎல் தானாகத் தேர்ந்தெடுத்தது அதைத்தான்; அதற்குப் பிறகே இன்னோடிபி அந்த இடத்துக்கு வந்தது. மைஐசாமில் ஒரு வசதி, அட்டவணைக்கு மூன்று கோப்புகள். சர்வரை நிறுத்திவிட்டு அந்தக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து, அதே 5.0 பதிப்பு நிறுவிய மெய்நிகர் கணினியில் வைத்தால் தரவுத்தளம் எழுந்து நின்றுவிடும். பிரதி இயங்கத் தொடங்கிய பிறகு மூலக் கணினியை நான் தொடவே இல்லை.

மைஐசாமின் இன்னொரு குணம் அவ்வளவு வசதியானதல்ல. ஃபாரின் கீ, அதாவது இந்தப் புலத்தின் எண் இன்ன அட்டவணையில் இருந்தே தீர வேண்டும் என்ற விதியை, எழுதினால், வாக்கியத்தை இலக்கணப் பிழை இல்லாமல் படித்துக்கொண்டு, பிறகு சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். நிரல் இருந்த கோப்புறையில் முதன்முதலில் அட்டவணைகளை உருவாக்கிய ஒரு நிறுவல் கோப்பு கிடைத்தது. அதில் ஃபாரின் கீக்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. தரவுத்தளத்திலோ ஒன்றுகூட இல்லை. எழுதியவர் அவை காவல் காக்கின்றன என்று நம்பியே பல ஆண்டுகள் நிரலை வளர்த்திருக்க வேண்டும். அந்தக் கோப்பும் முதல் பதினைந்து அட்டவணைகளுக்கு மட்டுமே துணை செய்தது. பிறகு சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

தரவை வைத்து உறவைக் கண்டுபிடிப்பதுதான் பலரும் முதலில் செய்வது. ஒரு புலத்தின் மதிப்புகள் எல்லாம் வேறு அட்டவணையின் பிரைமரி கீக்குள், அதாவது பதிவுகளை அடையாளம் காட்டும் எண்களுக்குள், அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடங்கினால் உறவு இருக்கலாம். பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி எல்லா ஜோடிகளையும் ஓடவிட்டேன். நூற்றுக்கணக்கான உறவுகள் வந்து விழுந்தன; பெரும்பாலானவை பொய். எல்லாக் கீக்களும் 1-இல் தொடங்கி வரிசையாக ஏறுகின்றன அல்லவா? சிறிய எண்கள் உள்ள எந்தப் புலமும் எந்தப் பெரிய அட்டவணைக்குள்ளும் அடங்கிவிடும். பில்லில் உள்ள பிரதிகளின் எண்ணிக்கை, வாடிக்கையாளர் எண்ணைச் சுட்டுவதாகக் கணக்கு சொன்னது. ஐந்து பிரதி வாங்கியவர் ஐந்தாம் எண் வாடிக்கையாளர்! அடங்கவில்லை என்றால் உறவைச் சந்தேகிக்கலாம். அடங்கியதை வைத்து மட்டும் உறவு உண்டு என்று சொல்லிவிட முடியாது.

கைகொடுத்தது மைஎஸ்க்யூஎல்லின் ஜெனரல் லாக். அதை இயக்கிவிட்டால் சர்வருக்கு வரும் ஒவ்வொரு குவெரியும் (கேள்வி வாக்கியமும்) கோப்பில் பதிவாகும். மெய்நிகர் கணினியில் பழைய நிரலையும் நிறுவி, கணக்கு பார்க்கும் அம்மாவை அழைத்து அவர் வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் வரிசையாகச் செய்யச் சொன்னேன்: பில் போடுவது, திரும்பி வந்த புத்தகத்தை வரவு வைப்பது, ரசீது, மாதக் கடைசி அறிக்கை, ஆண்டுக் கடைசி அறிக்கை. லாகிலிருந்து, அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் வரும் குவெரிகளைப் பிரித்தெடுத்து, எந்தப் புலம் எந்தப் புலத்தோடு சமன் செய்யப்படுகிறது என்று பட்டியலிட்டேன். உண்மையான ஸ்கீமா, அதாவது தரவுத்தளத்தின் அமைப்பு, அந்தப் பட்டியல்தான். பைத்தான் தந்த ஜோடிகளில் இந்தப் பட்டியலிலும் இருந்தவற்றை ஏற்றுக்கொண்டேன். பட்டியலில் இருந்தும் தரவு அடங்காத ஜோடிகளைத் தனியே ஒதுக்கினேன். சுவாரசியமான சங்கதிகள் எல்லாம் அந்த ஒதுக்கலில்தான் இருந்தன.

ஒரு உதாரணம். பில் அட்டவணையில் வாடிக்கையாளர் எண் 0 என்று ஏராளமான பதிவுகள். வாடிக்கையாளர் அட்டவணையில் 0 என்று யாரும் இல்லை. அநாதைப் பதிவுகள் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். மாதவாரியாக எண்ணிப் பார்த்தபோது ஜனவரியில் மட்டும் அவை குவிந்திருந்தன. பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் மாதம். அரங்கில் கைக்காசு கொடுத்து வாங்கிப் போனவர்களின் பில்கள் அவை. 'ரொக்க விற்பனை' என்று ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி 0-வை அங்கே திருப்பிவிடலாமே என்று புதிய குழு சொன்னது. நான் ஒப்பவில்லை. பழைய வாடிக்கையாளர் அறிக்கை, இரண்டு பக்கமும் இணை உள்ள பதிவுகளை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயின் மூலம் எழுதப்பட்டது. 0-க்கு இணை இல்லாததால் ரொக்க விற்பனை அதில் சேர்ந்ததே இல்லை. ஒரு வாடிக்கையாளரை இப்போது உருவாக்கினால் கடந்த ஆண்டுகளின் அறிக்கைத் தொகை அத்தனையும் மாறிவிடும். எனவே புதிய ஸ்கீமாவில் அந்தப் புலம் நல் ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், இருக்கலாம். விற்பனை வகை என்று தனிப் புலம் சேர்ந்தது. வகை ரொக்கமாக இருந்தால் மட்டுமே நல் செல்லும் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட், தரவுத்தளமே காக்கும் நிபந்தனை.

பேரேட்டு அட்டவணை இன்னொரு விதம். அங்கே ஒரே புலம், பக்கத்துப் புலத்தில் உள்ள எழுத்தைப் பொறுத்து, சில பதிவுகளில் கடையையும் சிலவற்றில் பதிப்பகத்தையும் சுட்டியது. இரண்டு தனிப் புலங்களாகப் பிரித்து, இரண்டில் ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும் என்று செக் போட்டதோடு அது தீர்ந்தது.

தானியங்கிக் கருவியை நம்பியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் இடம் பில்லின் நிலை. டைனிஇன்ட்(1), அதாவது சிறிய முழு எண், என்று அறிவித்த புலம் அது. அடைப்புக்குள் உள்ள 1, திரையில் காட்டும் அகலத்தை மட்டுமே குறிக்கும். உள்ளே -128 முதல் 127 வரை எதையும் வைக்கலாம். பிஜிலோடர் இதைப் பார்த்தவுடன் பூலியன் என்று முடிவுகட்டிவிடும்; 0 என்றால் பொய், மற்றதெல்லாம் மெய். இந்தப் புலத்தில் 0, 1, 2, 9 ஆகியவை இருந்தன. பிஎச்பி கோப்புகளைத் துழாவியதில் 1 என்றால் அனுப்பியாயிற்று, 2 என்றால் பாதி திரும்பி வந்தது, 9 என்றால் ரத்து. ரத்தான பில்லும் அனுப்பிய பில்லும் ஒரே 'மெய்' ஆகியிருந்தால் பாக்கித் தொகை என்னவாகியிருக்கும்! பிஜிலோடரில் இந்த மாற்ற விதியை நாமே மீறி எழுத முடியும். ஆனால் எழுத வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எந்த டைனிஇன்ட் புலத்தையும் தனித்தனி மதிப்புகளை எண்ணிப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

இனி தமிழ் எழுத்து. இந்த வேலையில் அதிகம் நேரம் எடுத்துக்கொண்டது இதுதான். நான் மிகவும் ரசித்ததும் இதுதான்.

நிரலின் திரையில் புத்தகத் தலைப்புகள் நல்ல தமிழில் தெரிந்தன. வேறு எந்தக் கருவியில் திறந்தாலும், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வரும் குப்பை. காரணம் எளிது. அட்டவணையின் எழுத்து வகை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1, மைஎஸ்க்யூஎல் 8.0 வரும்வரை தானாக அமைந்தது அதுதான். பிஎச்பியின் இணைப்பும் லத்தீன்1. உலாவியிலிருந்து வந்ததோ யுனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் பைட்டுகள் மாறாமல் உள்ளே போய், மாறாமல் வெளியே வந்தன. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன்1 கண்ணால் பார்த்தால் 224 அந்த ஏ, 174 அந்த ஆர்.

தரவைக் கோப்பாக எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் மூலம் எடுத்தால் அது உதவுவதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கருதி யுடிஎஃப்-8 ஆக மாற்றித் தரும். அதாவது இரட்டைக் குறியேற்றம். பைத்தானில் அதை விண்டோஸ் 1252 என்ற குறியேற்றமாக்கினால் பழைய பைட்டுகள் திரும்பிவிடும் என்று தோன்றும். மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ் 1252தானே. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. விண்டோஸ் 1252இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. மைஎஸ்க்யூஎல் அந்த இடங்களைத் தன் போக்கில் நிரப்பி வைத்திருக்கிறது. பைத்தான் அவற்றை ஏற்காமல் பிழை சொல்லும். இப்போது தமிழைப் பாருங்கள். புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ஏ 224, 174, 143. ஐ 224, 174, 144. காலியான ஐந்தில் நான்கு நம் எழுத்துகள் மேல் வந்து விழுகின்றன, அதிலும் புள்ளி! மெய்யெழுத்து இல்லாத தமிழ் வரி எது? பிழையைப் புறக்கணி என்று பைத்தானிடம் சொல்லும் குறுக்கு வழி பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் 'தமிழ்' என்பதில் 'தமிழ' மட்டும் தேறும். புள்ளியின் மிச்ச இரண்டு பைட்டுகள் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

எனவே எழுத்தாகவே கேட்கவில்லை. ஒவ்வொரு புலத்தையும், பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகத் தரும் ஹெக்ஸ் சார்பின் வழியாகக் கேட்டேன். வருவது வெறும் எண்களும் ஆறு ஆங்கில எழுத்துகளும்; வழியில் யாரும் உதவி செய்து கெடுக்க முடியாது. அதைப் பைத்தானில் பைட்டாக்கி, யுடிஎஃப்-8 என்று கண்டிப்போடு படிக்க வைத்தேன். படிந்தது நேரே போஸ்ட்கிரெஸுக்கு. படியாதது தனிக் கோப்புக்கு.

கெட்டுப்போனவை இரண்டு வகை. முதல் வகையில் தலைப்பின் கடைசி எழுத்து உடைந்திருந்தது. புலத்தின் அகலம் 50. லத்தீன்1இல் அது 50 பைட்டு. இடைவெளி இல்லாத தமிழாக இருந்தால் பதினாறு குறிகள் 48 பைட்டு. பதினேழாவதில் இரண்டு பைட்டு உள்ளே, ஒன்று வெளியே. கண்டிப்பு முறை இல்லாத பழைய மைஎஸ்க்யூஎல் ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு வெட்டிவிடும். அந்த எச்சரிக்கையை நிரல் யாரிடமும் சொல்லவில்லை. பதினாறு குறி என்றால் எவ்வளவு? புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் நடுத்தரமான ஒரு தலைப்புக்கே போதாது. தொங்கும் பைட்டுகளை நறுக்கிவிட்டு, வெட்டுப்பட்டது என்று ஒரு கொடி வைத்தேன். முழுத் தலைப்புகளைப் பதிப்பகங்களின் விலைப்பட்டியலிலிருந்து கடை ஊழியர்கள் நிரப்பினார்கள்.

இரண்டாவது வகையைப் படித்தபோது பிழையே வரவில்லை. அதனால்தான் அது மோசம். முழுக்கக் கேள்விக்குறிகள். நடுவில் யாரோ சேர்த்த ஒரு நிர்வாகப் பக்கம், இணைப்பை மட்டும் யுடிஎஃப்-8 என்று திருத்தியிருந்தது. அட்டவணை லத்தீன்1ஆகவே இருந்தது. தமிழ் எழுத்துக்கு லத்தீன்1இல் இடம் இல்லை என்பதால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தகவல் போனது போனதுதான்; எந்தக் குறியேற்ற வித்தையாலும் திரும்பாது. ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. குறிக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. இடைவெளிகள் அப்படியே இருந்தன. 'தமிழ்' என்றால் ஐந்து கேள்விக்குறி. ஒரு தலைப்பு ஐந்து, ஏழு, நான்கு என்று வந்தால், அதே பதிப்பகத்தின் விலைப்பட்டியலில் அதே நீள வரிசை உள்ள தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். விலையையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இப்படிப் பொருத்திய ஒவ்வொன்றையும் மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஏற்றினேன்.

தேதிகளுக்கு வருகிறேன். பழைய மைஎஸ்க்யூஎல் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் பூஜ்யமான தேதியை ஏற்கும், போஸ்ட்கிரெஸ் ஏற்காது. எல்லாவற்றையும் நல் ஆக்கிவிடு என்பதே வழக்கமான அறிவுரை. இங்கே ரசீது அட்டவணையில் பூஜ்யத் தேதியும் இருந்தது, 1970 ஜனவரி 1 என்ற தேதியும் இருந்தது, இரண்டும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் காசோலை இன்னும் வங்கியில் ஏறவில்லை. 1970 என்றால், யாரோ அடித்த தேதியை பிஎச்பியால் படிக்க முடியவில்லை. பிஎச்பியின் ஸ்ட்ர்டுடைம் சார்பு, சாய்கோடு போட்ட தேதியை அமெரிக்க முறையில் மாதம் முதலில் என்று படிக்கும். 13/05/2008 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் ஏது? தோல்வி, அந்தத் தோல்வி பூஜ்யமாகி 1970 ஆகிவிட்டது.

இதை உணர்ந்தவுடன் கவலை வேறு பக்கம் திரும்பியது. படிக்க முடியாதவை 1970 ஆயின, சரி. 05/06/2008 என்று ஜூன் 5-ஐ அடித்திருந்தால்? எந்தப் புகாரும் இல்லாமல் மே 6 ஆகியிருக்கும். தேடினேன், இருந்தன. ரசீது எண்கள் வரிசையாக ஏறுபவை. அக்கம்பக்கத்து ரசீதுகள் ஜூன் முதல் வாரத்தில் இருக்க நடுவில் ஒன்று மட்டும் மே மாதத்தில் நின்றால் சந்தேகிக்கலாம். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் அண்டை ரசீதுகளோடு ஒரு வார இடைவெளிக்குள் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தியதைத் திருத்தினேன். மூலத் தேதியைத் தனிப் புலத்தில் அப்படியே வைத்திருக்கிறேன். பின்னாளில் கணக்குத் தணிக்கையாளர் கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும்.

பணம் எல்லாம் ஃப்ளோட், தோராயமாகச் சேமிக்கும் எண் வகை. இதைப் பற்றித் திட்டி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்கிறேன். வெறும் ஃப்ளோட் என்று அறிவித்த புலத்தை மைஎஸ்க்யூஎல் வெளியே காட்டும்போது ஆறு இலக்கங்களுக்குச் சுருக்கிவிடும். 123456.78 என்று போட்ட தொகை, திரையிலும் டம்ப்பிலும் 123457. "லட்சத்துக்கு மேலே போனால் இது பைசாவைக் காட்டாது" என்று அந்த அம்மா வெகு இயல்பாகச் சொன்னார்; அது நிரலின் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உள்ளே பைசா பத்திரமாக இருக்கிறது: அந்தத் தொகை 123456.78125 ஆகச் சேமிக்கப்பட்டிருக்கும். துல்லியமான தசம வகையான டெசிமலாக மாற்றச் சொல்லிக் கேட்டால் 123456.78 வந்துவிடும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஃப்ளோட்டுக்கு 24 இருமக் குறிகள்தான் துல்லியம். 1,31,072 ரூபாய்க்குக் கீழே பைசா சரியாக மீளும், அதைத் தாண்டினால் ஒரு பைசா முன்னே பின்னே போகலாம். அதற்கு மேற்பட்ட பில்களுக்கு மொத்தத்தை நம்பாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியின் தொகையையும் டெசிமலாக்கிக் கூட்டினேன். புதிய ஸ்கீமாவில் எல்லாம் நியூமெரிக், போஸ்ட்கிரெஸின் துல்லியமான தசம வகை.

ஆசிரியர் பெயர்களைப் பற்றி ஒரு வரி. இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருந்தால், எண்களைக் காற்புள்ளி போட்டு ஒரே புலத்தில் அடைத்திருந்தார்கள். இணைப்பு அட்டவணையாகப் பிரித்தபோது வரிசை எண்ணையும் சேர்த்துக்கொண்டேன். அட்டையில் யார் பெயர் முதலில் வருகிறது என்பது அற்பமான விஷயம் என்று நினைப்பவர்கள் எழுத்தாளர்களோடு பழகியதில்லை.

தரவு உள்ளே போனபின் தலைப்புப் பட்டியலை அகரவரிசையில் கேட்டபோது பகல், பக்கத்துக்கு முன்னால் வந்து நின்றது. யுனிகோடு அட்டவணையில் புள்ளி கடைசிப் பக்கம் இருப்பதால், எண் வரிசையில் அடுக்கினால் மெய் பின்னுக்குப் போய்விடும். அகராதி வரிசையிலோ பக்கம் முன்னால் வர வேண்டும். ஜ எழுத்தும் ச, ஞ இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற யுனிகோடு நிரல் நூலகத்தின் தமிழ் வரிசைமுறை இருக்கிறது. தலைப்பு, ஆசிரியர் ஆகிய புலங்களுக்கு அதைக் கொடுத்தவுடன் பட்டியல் ஒழுங்குக்கு வந்தது. கடைக் குறியீடுகளில் நேர்மாறான தலைவலி. பழைய இடத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சமம், பின்னால் உள்ள வெற்றிடமும் பொருட்டல்ல. புதிய இடத்தில் அவை எல்லாம் வேறு வேறு. ஏற்றும்போதே வெற்றிடத்தை நறுக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, அந்த வடிவை மட்டுமே ஏற்கும்படி செக் போட்டேன்.

சரிபார்க்க, பதிவு எண்ணிக்கை போதாது. ஆண்டுவாரியாக, கடைவாரியாக, நிலைவாரியாகத் தொகைகளை இரு பக்கமும் எடுத்து ஒப்பிட்டேன். வேறுபட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் எழுதினேன்: ஃப்ளோட் பைசா, தேதித் திருத்தம், அல்லது ரத்தான பில். காரணம் எழுத முடியாத கட்டம் எதுவும் மிஞ்சாத பிறகே பழைய நிரலில் பில் போடுவதை நிறுத்தச் சொன்னேன். தானாக ஏறும் எண்களின் சீக்வென்ஸ்களை, ஏற்றிய தரவின் பெரிய எண்ணுக்கு நகர்த்தி வைத்தேன். அதைச் செய்யாவிட்டால் முதல் புதிய பில்லே எண் 1 கேட்டு மோதும்.

ஃபாரின் கீக்களில் ஒன்று மட்டும் பாக்கி. பில்லை நீக்கியபோது கூடவே நீக்காமல் விட்ட பழைய பில் வரிகள் கொஞ்சம் இருக்கின்றன. எந்தப் பில்லுடையவை என்று சொல்ல வழியில்லை, அழிக்க நண்பருக்கு மனமில்லை. அந்தக் கன்ஸ்ட்ரெயின்டை நாட் வேலிட் என்று சேர்த்திருக்கிறேன். புதிதாக வரும் வரிகளை அது தடுத்துக் கேள்வி கேட்கும், பழையவற்றைத் தொடாது. அச்சிட்ட பில் புத்தகங்கள் கிடங்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றைப் பார்த்து முடித்த பிறகு, பழையவற்றையும் சோதிக்கும் வேலிடேட் ஓட்ட வேண்டும்.